முடிவுரை பலித்த ஊர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கும் தமிழ் டீச்சருக்கும் ஆகாது. ஆள்மேல் கோபமில்லை, பீரியட் விஷயத்தில்தான். செவல்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் பி.டி. மாஸ்டர், பெயர் ஞானதுரை, கழுத்தில் விசில், காலில் கான்வாஸ் ஷூ, டைம்டேபிளில் எனக்கென்று அழகாகக் கட்டம் கட்டி பீரியட் போட்டிருப்பார்கள். ஆனால் பிள்ளைகள் வரிசையில் நின்று கையை நீட்டுவதற்கு முன்னால் ஏதாவது ஒரு டீச்சர் வந்து, "சார், போர்ஷன் முடியல" என்று சிரித்துக்கொண்டே கூட்டிப் போய்விடுவார்கள், நானும் ஃபுட்பாலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன், காற்று போவது பந்துக்கா எனக்கா என்று தெரியாது. அதிலும் புதிதாக வந்த அந்தத் தமிழ் டீச்சர் சண்முகவடிவு சிரிக்கக்கூட மாட்டார். "சார், பத்தாம் வகுப்பு" என்பார், அவ்வளவுதான். அந்த அதிசயம் தொடங்கியதும் என்னிடமிருந்து பிடுங்கின ஒரு பீரியடில்தான், ஆகையால் அதில் எனக்கும் பங்குண்டு என்றுதான் இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

எங்கள் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிற லட்சணம் உங்களுக்குத் தெரியாததில்லை. நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்து, முன்னுரை என்று எழுதி அடியில் ஸ்கெட்ச் பேனாவால் இரட்டைக் கோடு போட்டு, நடுவில் நாலு தலைப்பு வைத்து, கடைசியில் முடிவுரை என்று இன்னொரு இரட்டைக் கோடு போட்டு, கவிதை எதைப் பற்றியதாக இருந்தாலும், கதையில் யார் செத்தாலும் பிழைத்தாலும், "ஆகவே நாமும் அவ்வாறே வாழ்வோம், வளம் பெறுவோம்!" என்று ஒரு ஆச்சரியக்குறியோடு முடிப்பார்கள். அவர்கள் அப்பாமார் அப்படித்தான் முடித்தார்கள், ஹெட்மாஸ்டர் ராஜாமணி சாரும் அந்தக் காலத்தில் அப்படித்தான் முடித்தார், நான் மட்டும் என்ன வேறு மாதிரியா முடித்தேன். யாரும் அதைப் படித்ததில்லை, திருத்துகிறவர்கள் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து மார்க் போட்டார்கள்.

அன்றைக்குப் பாடம், வழிப்போக்கன் ஒருவன் மரநிழலில் படுத்து உறங்குவதைப் பற்றிய கவிதை. வகுப்பு முழுக்க, "ஆகவே வீட்டுக்கொரு மரம் வளர்ப்போம்!" என்று எழுதி இரட்டைக் கோடு போட்டு முடித்த நேரத்தில், செவல்குடியில் வீட்டுக்கொரு மரம் வளர்ந்தது. வீட்டுக்குள்ளேதான், வெளியே என்று பிள்ளைகள் எழுதவில்லையே! ஹெட்மாஸ்டர் வீட்டுப் பாத்ரூமில் காயோடு ஒரு முருங்கை, தங்கபாண்டி டீக்கடையில் பாய்லரை அணைத்துக்கொண்டு ஒரு வேம்பு, என் வீட்டில் டிவிக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு புளி. யாரும் அலறவில்லை. பெண்கள் கிளையில் துணி காயப்போட்டார்கள், முருங்கைக்காயைப் பறித்துச் சாம்பார் வைத்தார்கள், வாடகை வீடுகளில் மட்டும் மரம் வீட்டுக்காரருக்கா குடியிருக்கிறவருக்கா என்று கொஞ்சம் சண்டை. சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்ததும் மரங்களெல்லாம் ஒரேயடியாக மறைந்துவிட்டன, மேலே உட்கார்ந்திருந்த காக்கைகள் மட்டும் வழி தெரியாமல் அறைக்குள் சுற்றிச் சுற்றிப் பறந்தன.

அடுத்து வந்தது கொடை கொடுத்த ராஜாவின் பாட்டு. "ஆகவே நாமும் அம்மன்னனைப் போல் வாரி வழங்குவோம்!" என்று எழுதினார்களோ இல்லையோ, ஊர் வழங்க ஆரம்பித்தது. தங்கபாண்டி வடைத்தட்டை அப்படியே ரோட்டில் போன ஒருத்தர் கையில் திணித்தார், அவர் இறங்கித் தன் சைக்கிளைக் கொடுத்தார், ஒரு வீட்டு மிக்ஸி நாலு வீடு தாண்டிப் போய் நின்றது, நானே ஃபுட்பாலைக் கறிக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு அவர் தந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் தளும்ப நின்றேன் என்றால் பாருங்கள். மணி அடித்தது, எல்லோருக்கும் தாராளமனசு போய்விட்டது, பொருள் மட்டும் போன இடத்திலேயே இருந்தது. அன்று ராத்திரிவரை ஊர்ப்பெண்கள் தெருத்தெருவாகத் தங்கள் மிக்ஸியைத் தேடி நடந்தார்கள்.

எல்லாமே மணி அடித்ததும் போய்விடுகிறது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், கடைசி பெஞ்சு ஜெபமணி ஒரு கட்டுரை எழுதினான். பாடத்தில் ஒரு கிணற்றுக் கவிதை இருந்தது. மற்றவர்கள் "நீரின்றி வாடும் மக்களின் துயரம்" என்று நோட்ஸில் உள்ளதை எழுதினார்கள். வடிவு டீச்சர் ஒவ்வொரு பெஞ்சாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார், "எந்த வரிய வச்சுச் சொல்லுதே?" பிள்ளைகள் நோட்ஸைப் புரட்டினார்கள். ஜெபமணிக்கு நோட்ஸ் வாங்கித் தர வீட்டில் ஆளில்லை, ஆகையால் வேறு வழியில்லாமல் கவிதையைப் படித்தான். கிணறு வறண்டது என்று கவிதையில் எங்கேயும் இல்லை, வாளி காலியாக வந்தது என்றுதான் இருக்கிறது, கயிற்றின் நுனி ஈரமாக இருந்தது என்றும் ஒரு வரி இருக்கிறது, ஆகவே தண்ணீர் இருக்கிறது, கயிறுதான் எட்டவில்லை என்று எழுதி, கோடுகூடப் போடாமல் கொடுத்துவிட்டான். வறண்டதென்று கைவிட்டிருந்த ஊர்ப் பொதுக்கிணற்றில் யாரோ கயிற்றை நீட்டிப் போட்டார்கள், தண்ணீர் வந்தது. மணி அடித்தது. தண்ணீர் நின்றது, போகவில்லை, இன்றைக்கும் நிற்கிறது.

"முடிவுரைய மேல எழுதினது தாங்கணும் சார்" என்று வடிவு டீச்சர் என்னிடம் சொன்னார், அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து முதல்முறை சிரித்தார். "தாங்கலேன்னா மணியோட போயிரும்."

அதற்கப்புறம் செவல்குடியைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வீடு அப்பன் ஆத்தாள் உட்கார்ந்து பிள்ளைகளின் கட்டுரையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏல, இதுக்கு ஆதாரம் எங்கல?" என்று கேட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்து தார்ச்சாலை பற்றி ஒரு கட்டுரை வைக்கச் சொன்னார், டீச்சர் மைசூர்பாகில் ஒன்றை எடுத்துக்கொண்டு, "பாடத்துல ரோடு இல்லங்களே" என்று அனுப்பிவிட்டார். கல்யாணத் தரகர், "பெண் குணவதி" என்றால், "எந்த வரி?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். டீக்கடையில் ஒருத்தர் டீ நல்லாயில்லை என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது, பாலிலா தூளிலா சர்க்கரையிலா என்று பிரித்துக் காட்ட வேண்டும். காட்டிய பிறகு தங்கபாண்டி டீயை மாற்றிப் போட்டுத் தந்தார், அதுவும் உண்மை.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் ஒரு பிள்ளை ஒன்றும் எழுதாமல் இருந்தாள். பிரம்மசக்தி. எங்கள் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிற சந்தனமாரியின் மகள். அவளுடைய அப்பா பலவேசம், முறுக்கு வியாபாரி. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் முறுக்கு சுட்டு விற்றார்கள், ஒருநாள் அவர் ஒன்றைக் கடித்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார், இந்தம்மா, "அப்போ வடக்க போயி பஞ்சு மாதிரி சுட்டுத் தின்னும்" என்றாள், அந்த மனுஷனும் ரோஷத்தில் முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வடக்கே போனவர்தான். எந்த ஊர் என்று தெரியாது, போனும் இல்லை. சந்தனமாரி அதற்குப் பிறகு முறுக்கு சுடவில்லை. அவர் பேச்சை எடுத்தால், "வந்தா வரட்டும், நான் கூப்பிட மாட்டேன்" என்று கரண்டியால் சட்டியில் ஒரு தட்டுத் தட்டுவாள். சக்திக்கு அப்பா வேண்டும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லாமலே ஊருக்குத் தெரியும்.

துணைப்பாடத்தில் 'ஆறரை மணி வண்டி' என்று ஒரு கதை வந்தது. ஒரு பஸ் கண்டக்டர் வீட்டில் கோபித்துக்கொண்டு வேறு ரூட்டுக்கு மாற்றல் வாங்கிப் போய்விடுகிறார், மகள் தினமும் சாயங்காலம் ஸ்டாப்பில் போய் நிற்கிறாள், கடைசியில் ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் பஸ் வந்து நிற்கிறது, கதை முடிந்துவிடுகிறது, யார் இறங்கினார்கள் என்று கிடையாது. ஆனால் நோட்ஸுக்குத் தெரியும், நோட்ஸுக்கு எல்லாம் தெரியுமே! "கண்டக்டர் மனம் திருந்தி வீடு திரும்பினார். ஆகவே நாமும் கோபத்தைத் தவிர்ப்போம்!" ஊரே அந்த வரியைப் படித்தது, ஊரே சக்தியைப் பார்த்தது. ஹெட்மாஸ்டர் முதற்கொண்டு, "எழுதுட்டி" என்றார்கள்.

வடிவு டீச்சர் மட்டும் வேண்டாம் என்றார். "அவரு திருந்தினாருன்னு கதையில எங்கம்மா இருக்கு?"

சக்தி டீச்சர் பேச்சைக் கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே நோட்ஸில் உள்ளபடி வரிக்கு வரி எழுதி, இரட்டைக் கோடும் போட்டுவிட்டாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குப் பலவேசம் பள்ளிக்கூட கேட்டைத் திறந்துகொண்டு முறுக்கு டின்னோடு வந்தார். அவள் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சந்தனமாரி தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, முட்டை ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள். அந்த மனுஷன் சாப்பிட்டார், மகளுக்கு ஊட்டினார், வராந்தாவில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார், வகுப்புக்குப் போ என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சாயங்காலமானது. "ஏட்டி சக்தி, நான் ஏன் திரும்பி வரலேன்னா..." என்று அவர் ஆரம்பிக்கும்போது மணி அடித்தது. கை மட்டும் தலையில் இருப்பதுபோல் அவள் கொஞ்சநேரம் குனிந்தே இருந்தாள், பிறகு அழுதாள் பாருங்கள், சாமி, அந்த அழுகையை நான் மறக்கமாட்டேன். மணி அடித்தவன் நான்தான், பியூன் லீவு. எனக்கு என் கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

மறுநாள் என் பீரியடுக்கு வடிவு டீச்சர் வருவதற்கு முன்னால் நானே போய், "எடுத்துக்கோங்க டீச்சர், இந்த மாசம் பூரா எடுத்துக்கோங்க" என்றேன்.

வகுப்பறை போதவில்லை. வேப்பமரத்தடியில் பிள்ளைகள் உட்கார, பின்னால் ஊர் உட்கார்ந்தது, தங்கபாண்டி கடையைப் பூட்டிவிட்டு டீச்சட்டியோடு வந்தார், ஆளுக்கொரு புத்தகம் இல்லாததால் ஒன்றை நாலு பேர் எட்டிப் பார்த்துப் படித்தார்கள். கண்டக்டர் திருந்தினார் என்பதற்கு ஒரு வரி கிடைக்காதா என்று தேடினோம் பாருங்கள், பேன் பார்க்கிற மாதிரி தேடினோம். ஹெட்மாஸ்டர், "வானம் சிவந்தது என்று வருதே, அது மனமாற்றத்தின் குறியீடு" என்றார். "அன்னைக்கு மட்டுமா சார் சிவக்குது, முத பக்கத்துலயும் சிவக்குதே" என்று ஜெபமணி சொன்னான், ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஆமால்ல" என்றார். திருந்தினார் என்பதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. திருந்தவில்லை என்பதற்கும் இல்லை. கூட்டம் சோர்ந்துபோனது.

எனக்கு இலக்கியம் வராது. ஆனால் விசில் வரும். கதையின் கடைசி வரியைப் பத்துத்தரம் வாசித்துவிட்டேன், "விசில் ஒன்று கேட்டது" என்று இருந்தது. என்னையறியாமல் கையைத் தூக்கினேன், வாழ்க்கையில் வகுப்பில் நான் கை தூக்கினது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், ஒண்ணுதானே அடிச்சிருக்கு. ஒண்ணு அடிச்சா வண்டி நிக்கும், ரெண்டு அடிச்சாத்தான் போவும். மூணாம் பக்கத்துல கண்டக்டரே மகள்ட்ட சொல்லுதாரே. ரெண்டாவது விசில் கதையில இல்ல. அப்பம் வண்டி இன்னும் நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளைகள் "ஏ..." என்று கத்தின சத்தத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்போது சக்தி எழுந்தாள். அழுதழுது குரல் கட்டியிருந்தது. "டீச்சர், அந்தப் பிள்ள எல்லா நாளும் வெறுங்காலோடதான் ஸ்டாப்புக்குப் போகும். ரெண்டு எடத்துல கால் சுட்டுச்சுன்னு வருது. கடைசி நாளு மட்டும் செருப்பு மாட்டிட்டுப் போயிருக்கு."

"அதனால?"

"அப்பாவப் பாக்க நிக்கதுக்குச் செருப்பு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலைத் தானே கண்டுகொண்டவளாக வாயைப் பொத்திக்கொண்டாள். சத்துணவுக்கூடத்து ஜன்னலில் சந்தனமாரி கரண்டியோடு நின்றிருந்தாள். அன்றைக்கு அவள் சட்டியைத் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், அதாவது என் பீரியட், சக்தி எழுதினாள். நோட்ஸ் இல்லை, ஸ்கெட்ச் பேனா இல்லை, எழுதி அடித்து, மறுபடி எழுதி, புத்தகத்தைப் புரட்டி வரி வரியாக எடுத்துக்காட்டி, அவர் திருந்தினாரா என்பது நமக்குத் தெரியாது, கதை அதைச் சொல்லவில்லை, நாமும் சொல்லக்கூடாது; ஆனால் வண்டி நிற்கிறது, அவள் காலில் செருப்பு இருக்கிறது, எல்லோரும் இறங்கப் போகிறவரையே பார்க்கிறார்கள், ஏறப் போகிறவளை யாரும் பார்க்கவில்லை, ஆகவே அவள் அவர் இருக்கிற ஊருக்குப் போகலாம் என்று முடித்தாள். டீச்சர் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

வெளியே ஒரு விசில் கேட்டது. போய்ப் பார்த்தால் பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் பச்சையும் வெள்ளையுமாக ஒரு பழைய பஸ் நிற்கிறது, போர்டில் 'அவர் இருக்கிற ஊர்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே டிரைவர் இல்லை.

"டிரைவர் இல்லாம எப்படி டீச்சர்?" என்றார் தங்கபாண்டி.

"கதையிலயும் டிரைவரப் பத்தி ஒரு வரியும் கெடையாதுல்லா" என்றார் டீச்சர், அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

ஆனால் மணி இருக்கிறதே. ஊர் முழுக்க கேட்டடியில் நின்றது, சக்தி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள், மணி அடிக்கிற பியூன் என்னைப் பார்த்தான், அடிக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. வடிவு டீச்சர்தான், "அடிங்க, நிக்கதா இல்லையான்னு தெரியட்டும்" என்றார். மணி அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்டயரில் ஒரு நாய் காலைத் தூக்கியது, அப்புறம்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

"அம்மா எங்க?" என்று சக்தி திரும்பிப் பார்த்தாள். கூட்டம் விலகியது. சந்தனமாரி ஒரு பெரிய டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எண்ணெய் வாசம் வந்தது, மத்தியானம் குழம்பு வைத்த கையோடு முறுக்கு சுட்டிருக்கிறாள். "யாரையும் கூப்பிடப் போகல, கல்லா பஞ்சான்னு அந்த மனுசனையே கடிச்சுப் பாக்கச் சொல்லப் போறேன்" என்று பொதுவாக எல்லோரிடமும் சத்தமாகச் சொன்னாள். நாங்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தோம். பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோடு வந்துபோகிறவள், செருப்பு மாட்டியிருந்தாள். எந்த வரி, என்ன ஆதாரம் என்று ஊரில் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை.

ஏறி உட்கார்ந்தார்கள். பஸ் நகரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கழுத்திலிருந்த விசிலை எடுத்து, இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து எந்த விளையாட்டுப் போட்டிக்கும் ஊதாத ஊது ஊதினேன், ரெண்டு. வண்டி கிளம்பியது. கிளம்பின வண்டியோடு ஓடிப்போய் ஜன்னல் வழியாக விசிலைச் சக்தி மடியில் போட்டேன். "வரும்போது ஒண்ணு அடிச்சா போதும்ட்டி!"

சனிக்கிழமை, ஞாயிறு போயிற்று. திங்களும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்தது, ஊரில் யாருக்கும் வேலை ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை என் பீரியட், வடிவு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரவில்லை, ஆச்சரியமாக இருக்கிறதே என்று பார்த்தால் அவரும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மைதானத்தில் கேட்டைப் பார்த்து நிற்கிறார். அப்போது கேட்டது விசில், ஒன்று.

முதலில் சந்தனமாரி இறங்கினாள். அப்புறம் சக்தி, வாயில் என் விசிலோடு. கொஞ்சநேரம் யாரும் இறங்கவில்லை. பிறகு பலவேசம் காலி டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் நின்று, ஊரே நிற்பதைப் பார்த்துக் கூச்சப்பட்டு, "கல்லுதான்" என்றார். "ஆனா அங்க எவனுக்கும் இந்தக் கல்லு சுடத் தெரியல." பிறகு மகளைப் பார்த்து, "ஒருநாள் மத்தியானம் ஒங்கம்மா கொழம்பு சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு, அன்னைக்கிலருந்து வேற எதுவும் எறங்கல" என்றார். சந்தனமாரி, "முதல்ல எறங்கும்யா, வழிய மறிச்சுக்கிட்டு" என்றாள். அவர் இறங்கினார்.

பொதுத்தேர்வில் அந்தக் கதையே வந்தது. திருத்துகிறவர்களின் விடைக்குறிப்பில் 'மனம் திருந்தி வீடு திரும்பினார்' என்றுதான் இருந்ததாம், செவல்குடிப் பிள்ளைகளுக்கு வகுப்போடு மார்க் குறைந்தது, பெற்றோர்கள் வருத்தப்படவில்லை, விடைக்குறிப்பு எழுதினவரை ஊருக்கு வரச்சொல்லி எந்த வரி என்று கேட்கவேண்டும் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். எனக்கு என் பீரியடுகள் திரும்பக் கிடைத்தன, எல்லாம் இல்லை, பாதி.

பஸ் இன்னும் கேட்டுக்கு முன்னால்தான் நிற்கிறது. உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள், படியில் பலவேசமும் சந்தனமாரியும் முறுக்கு விற்கிறார்கள், கல்லுதான், வாங்கிக் கடித்துப் பாருங்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல், எடுத்துவிடுங்கள் என்று பஞ்சாயத்துத் தலைவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார், ரெண்டு ஊதினால் அது போய்விடும் என்று அவருக்கும் தெரியும். சக்தி திருப்பித் தந்த விசில் என் கழுத்தில்தான் தொங்குகிறது. மைதானத்தில் என்ன ஆட்டம் நடந்தாலும், யார் கோல் போட்டாலும், நான் ஒன்றுக்குமேல் ஊதுவதில்லை.